மேசையில் ஒரு கிண்ணம் கூடுதல்

கேள்வி:

டாக்டர், நான் பினாங்கில் இருக்கும் தமிழ்ப்பெண். கணவர் ஹொக்கியன் சீனர். திருமணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், வயது 68. பதினான்கு மாதங்களுக்கு முன் என் கொழுந்தனார் 34 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டார். இறுதிச் சடங்கு நடந்தபோது, "பெற்றவள் பிள்ளையை வழியனுப்பக் கூடாது" என்று குடும்பத்துப் பெரியவர்கள் மாமியாரை அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. நெஞ்சு அடைக்கிறது, தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்கிறார். மூன்று கிளினிக் ஏறி இறங்கிவிட்டோம். தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தினமும் போடுகிறார். இன்றுவரை இரவுச் சாப்பாட்டுக்குக் கொழுந்தனாருக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் வைத்து, பக்கத்தில் சாப்ஸ்டிக் வைக்கிறார். ஆனால் இந்த வருடம் செங் பெங்குக்கு, அதாவது சீனர்கள் குடும்பமாகக் கல்லறைக்குப் போகும் நாளுக்கு, நாங்கள் எல்லோரும் போனபோது அவர் மட்டும் வரவில்லை. வீட்டில் கொழுந்தனாரின் பெயரை யாரும் எடுப்பதில்லை.

"எங்கள் வழக்கத்தில் துக்கம் மூன்று வருடம், நீ பயப்படாதே" என்கிறார் கணவர். இணையத்தில் தேடினேன். நீண்ட துக்கம் என்ற நோய் சீனர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட வருவதில்லை என்று ஓரிடத்தில் இருக்கிறது. இன்னோரிடத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? மாமியாருக்கு இருப்பது நோயா, வழக்கமா? அந்தக் கிண்ணத்தை நான் எடுத்துவிடலாமா?

பதில்:

எண்களுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த நெஞ்சடைப்பு. அந்த மூன்று கிளினிக்குகளிலும் என்ன சோதனை செய்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இ.சி.ஜி. எடுத்தார்களா? ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை பார்த்தார்களா? இல்லையென்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மகனைப் பறிகொடுத்தவர் என்பதாலேயே நெஞ்சுவலியைத் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடுவது மருத்துவர்கள் அடிக்கடி செய்கிற தவறு. உண்மையில் பெருந்துக்கத்துக்குப் பிறகு இதய நோய்க்கான ஆபத்து கூடத்தான் செய்கிறது, குறைவதில்லை.

சோதனையில் இதயம் நன்றாக இருக்கிறது என்று வந்தாலும், "அப்போ ஒன்றுமில்லை" என்று யாரும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம். நெஞ்சு அடைக்கிறது என்று அவர் சொல்வது உண்மை. நம் வீட்டுப் பெண்கள் "பெத்த வயிறு பத்தி எரியுது" என்றால் நாம் அல்சருக்கு மருந்து தேடுவதில்லை. சீன மொழியிலும் அப்படித்தான். 'சியோங் மென்' என்பார்கள், நெஞ்சுக்குள் காற்றோட்டமில்லாமல் புழுங்கிக் கிடப்பது. வருத்தத்துக்கும் அதே சொல், உடம்பின் அவஸ்தைக்கும் அதே சொல்.

1980இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சீனாவின் சாங்ஷா நகரத்துக்குப் போனார். அவர் மானுடவியலும் படித்தவர். அங்கே 'நரம்புத் தளர்ச்சி' என்று சீட்டு எழுதப்பட்ட நூறு நோயாளிகளைப் பரிசோதித்தார். தலைவலி, தூக்கமின்மை, அசதி என்று வந்தவர்கள் அவர்கள். அந்த நூறு பேரில் 87 பேருக்கு இருந்தது தீவிர மனச்சோர்வு. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மாவோ காலத்து அரசியல் கொந்தளிப்பான கலாசாரப் புரட்சியைக் கடந்து வந்த தலைமுறை அது. மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் வம்பு, உடம்பு சரியில்லை என்றால் அனுதாபமாவது கிடைக்கும். உங்கள் மாமியார் பினாங்குக்காரர், அந்தக் காலத்துச் சீனாவில் வாழ்ந்தவரில்லை. ஆனாலும் அழாத ஒருவரைப் பார்த்து 'தாங்கிக்கொண்டுவிட்டார்' என்று நினைக்காதீர்கள். பதினான்கு மாதமாக அவர் உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், நெஞ்சின் மொழியில்.

சரி, இப்போது எண்கள்.

நீங்கள் படித்த இரண்டுமே சரியான எண்கள்தான். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல. நூற்றுக்கு 1.8 என்பது 2014இல் வெளியான ஓர் ஆய்வின் எண். சீனாவில் நெருங்கிய உறவைச் சாவுக்குக் கொடுத்த 445 பேரைப் பொதுமக்களிலிருந்து எடுத்துக் கேட்டார்கள். அவர்களில் எட்டுப் பேருக்குத்தான் நோய் என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. பொதுமக்களில் இப்படி எடுத்தால் யாரெல்லாம் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எண்பது வயது அப்பா நோயில் கிடந்து போனவர்கள், ரொம்ப நாள் படுக்கையில் இருந்த அம்மாவை அனுப்பி வைத்தவர்கள், இப்படித்தான் பெரும்பாலும் இருப்பார்கள். அங்கே பயன்படுத்திய கேள்வித்தாளும் கறாரானது. ஏக்கம் தினமும் இருக்க வேண்டும், ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கை கெட்டுப்போயிருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கில் வரும்.

முப்பத்தெட்டு என்பது 37.8, கொரோனாவில் உறவுகளை இழந்த 422 சீனர்களிடம் 2020 செப்டம்பர், அக்டோபரில் இணையவழியாகக் கேட்டது. அந்த வருடத் தொடக்கத்தில் வூஹானில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மருத்துவமனை வாசலோடு பிரிந்தவர்கள் பிறகு பார்த்தது அஸ்தியைத்தான். கூடி அழ முடியவில்லை, ஏழாம் நாள் சடங்கு செய்ய முடியவில்லை. அந்த ஏப்ரல் 4ஆம் தேதி, கல்லறைக்குப் போகும் நாளன்று, நாடு முழுக்க மூன்று நிமிடம் மௌனம் காத்தது, சைரன் ஒலித்தது. ஆனால் சொந்தக் கல்லறைக்குப் போக வூஹான்காரர்களுக்கு அனுமதியில்லை. இப்படிப் பறிகொடுத்துச் சில மாதங்களே ஆனவர்களைக் கேட்டால் எண் எங்கே நிற்கும்? அதிலும் ஒரு வேடிக்கை. அதே 422 பேரை உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலால் அளந்தபோது 37.8 வந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அளவுகோலால் அளந்தபோது 29.3. ஆட்கள் மாறவில்லை, துக்கம் மாறவில்லை, அளந்த கோல்தான் மாறியது.

இன்னும் இரண்டு எண்கள் சொல்கிறேன், அப்புறம் இதை விட்டுவிடலாம். 2008 மே மாத சிசுவான் நிலநடுக்கத்தில் உறவுகளை இழந்தவர்களிடையே செய்த ஓர் ஆய்வில் பத்துக்கு ஏழு பேரிடம் சிக்கலான துக்கம் தெரிந்தது. ஒரே நாளில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போன பேரழிவு அது. பள்ளிக்கூடக் கட்டடங்கள் சரிந்து குழந்தைகள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். அந்த ஆய்வின் கேள்வித்தாளும் கொஞ்சம் தாராளமானது. அடுத்தது 'ஷிடு' பெற்றோர். ஒரே பிள்ளையை இழந்தவர்களைச் சீனாவில் அப்படித்தான் சொல்கிறார்கள். 1980 வாக்கிலிருந்து 2015 இறுதிவரை ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை என்ற சட்டம் இருந்த நாடு. அந்த ஒன்றும் போய்விட்டால்? இப்படி இழந்த 1,030 பெற்றோரை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 35 விழுக்காட்டினருக்கு நீடித்த துக்கக் கோளாறு.

இவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துவிடும். பேரன் பேத்திகளோடு எல்லோரும் கூடும் சீனப் புத்தாண்டு இரவுதான் அவர்களுக்கு வருடத்திலேயே கொடிய இரவு. பழைய நண்பர்களைத் தவிர்த்து, தங்களைப் போலவே பிள்ளையை இழந்தவர்களோடு மட்டும் கூடி உட்காருகிறார்கள். மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் 'மகன் அல்லது மகள் கையெழுத்து' என்று கேட்கும் இடத்தில் எழுத அவர்களிடம் பெயர் இல்லை.

ஆக, 'சீனர்களிடம் எத்தனை விழுக்காடு?' என்ற கேள்விக்கு ஒற்றை எண் கிடையாது. உலகம் முழுக்க எடுத்தாலும் இதே கதைதான். இயற்கையான சாவில் உறவை இழந்த பெரியவர்களில் சுமாராகப் பத்தில் ஒருவர் என்று 2017இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். விபத்து, கொலை, பேரழிவு என்று போனால் இது பல மடங்கு ஏறுகிறது. யார் இறந்தார், எப்படி இறந்தார், வழியனுப்ப முடிந்ததா என்பதைப் பொறுத்துத்தான் எண் நகர்கிறது. உங்கள் மாமியார் எந்த வரிசையில் நிற்கிறார் என்று பாருங்கள். இறந்தது பிள்ளை. திடீர்ச் சாவு. வழியனுப்பவும் விடவில்லை. நூற்றுக்கு இரண்டு என்ற அந்த எண் அவரைப் போன்றவர்களை வைத்து வந்ததல்ல. அதை வைத்து நீங்கள் ஆறுதல் அடைய முடியாது. முப்பத்தெட்டை வைத்துப் பயப்படவும் வேண்டாம். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டாலும், நூற்றில் அறுபத்திரண்டு பேர் நோயாகாமல்தான் துக்கப்படுகிறார்கள்.

இனி உங்கள் கணவர் சொல்லும் மூன்று வருடம். அவர் சொல்வது வெறும் பேச்சல்ல, அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயது. சீன ஞானி கன்பூசியஸிடம் ஒரு மாணவர் கேட்டாராம், "மூன்று வருடத் துக்கம் ரொம்ப நீளம், ஒரு வருடம் போதாதா?" என்று. "ஒரு வருடத்திலேயே நல்ல சோறு சாப்பிட்டு, பட்டு உடுத்த உனக்கு மனம் ஒப்புமா?" என்று குரு கேட்டார். "ஒப்பும்" என்றார் மாணவர். "அப்படியானால் செய்துகொள்" என்றார் குரு. மாணவர் வெளியே போனதும் குரு மற்றவர்களிடம் வருத்தப்பட்டாராம்: "பிறந்த குழந்தை மூன்று வருடம் கழித்துத்தான் தாய் தகப்பனின் மடியைவிட்டு இறங்குகிறது. அவனுக்கு அந்த மூன்று வருட அன்பு கிடைக்கவில்லையா?" கணக்கு எங்கிருந்து வந்தது பாருங்கள். நடைமுறையில் அது 25 அல்லது 27 மாதம். அரசர் காலத்தில் அதிகாரிகள் பதவியை விட்டு இறங்கி, ஊருக்குப் போய் இந்தத் துக்கம் காத்தார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு யாருக்கு? பெற்றோருக்காகப் பிள்ளைகள் காப்பது அது. பிள்ளைக்காகப் பெற்றோர் காப்பதல்ல. மிகப் பழைய சடங்கு முறையில் மூத்த மகனுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருந்தது. அது வழக்கொழிந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. பிள்ளை முந்திக்கொண்டால் சீன மரபு கையைப் பிசைகிறது. 'நரைமுடி கருமுடியை வழியனுப்புவது' என்று அதற்கு ஒரு சொல்வழக்கு இருக்கிறது, வாழ்க்கையில் வரக்கூடாத கொடுமைகளில் ஒன்று என்ற பொருளில். பெரியவர் சின்னவரின் சவத்தை வணங்கக் கூடாது, பின்னால் போகக் கூடாது என்ற தடைகள் இப்போதும் பல குடும்பங்களில் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் தடுக்கவில்லை. அதிலும் ஒரு பரிவு இருந்திருக்கும், பெற்றவள் பார்த்துத் தாங்கமாட்டாள் என்று.

விளைவு என்னவாயிற்று? தாய் தகப்பன் போனால் ஏழாம் நாள், ஏழேழு நாற்பத்தொன்பது நாள், நூறாம் நாள், வருடம் என்று மரபு கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். நமக்குப் பதினாறாம் நாள், திவசம் என்று இருப்பதைப் போல. 34 வயது மகனைக் கொடுத்த உங்கள் மாமியாருக்கு அந்தப் படிகளில் ஒன்றுகூட இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நாள்தான் அவருக்குக் கிடைத்த சடங்கு. அதனால் 'எங்கள் வழக்கம்' என்று உங்கள் கணவர் சொல்வது இந்த இடத்தில் பொருந்தாது. அவருடைய அம்மாவுக்கு என்று வழக்கம் எதையும் கொடுக்கவில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை. இதை அவரிடம் குற்றமாகச் சொல்ல வேண்டாம். அவருக்கே இது தோன்றியிருக்காது.

நோயா, வழக்கமா என்று கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் 2022 ஜனவரியிலிருந்து நீடித்த துக்கக் கோளாறு நடைமுறையில் இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும், அதோடு அந்தச் சமூகமும் பண்பாடும் எதிர்பார்க்கும் அளவை அது தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும் என்கிறது அது. அமெரிக்கப் பட்டியல் 2022 மார்ச்சில் இதைச் சேர்த்துக்கொண்டது, பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று. உங்கள் மாமியார் இரண்டு கெடுவையும் தாண்டிவிட்டார். ஆனால் நாட்காட்டி மட்டும் நோயைச் சொல்லாது. தினமும் விடாத ஏக்கம், அவன் போய்விட்டான் என்பதையே நம்ப முடியாமை, நினைவூட்டும் இடங்களை ஒதுக்குவது, என்னில் பாதி செத்துவிட்டது என்ற உணர்வு, உணர்ச்சி மரத்துப்போவது, இனி எதற்கு வாழ வேண்டும் என்ற வெறுமை, யாரோடும் ஒட்டாத தனிமை, இவற்றில் பல சேர்ந்து வாழ்க்கையை நிறுத்தி வைத்திருந்தால்தான் நோய் என்கிறோம். மனச்சோர்விலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது ஏக்கம். மனச்சோர்வு உள்ளவருக்கு எதிலும் நாட்டமிருக்காது. இவர்களுக்கு நாட்டம் ஒன்றே ஒன்றில் இருக்கிறது, அந்த ஆள் திரும்பி வர வேண்டும்.

இந்த இடத்தில் என் பழைய அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு சீன முதியவரை அவருடைய மகள் கூட்டி வந்தார். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியும் அவர் தினமும் காலையில் படத்துக்கு முன் கோப்பி வைத்துப் பேசுகிறார் என்பது புகார். நான் 'இறந்தவருடன் உரையாடுகிறார்' என்று பெரிதாகக் குறிப்பு எழுதி, காதில் குரல் கேட்கிறதா, உருவம் தெரிகிறதா என்று துருவிக்கொண்டிருந்தேன். என் மூத்த மருத்துவர் ஹொக்கியன் பேசுவார். உள்ளே வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேசினால் அவள் பதில் சொல்கிறாளா?" கிழவர் சிரித்துவிட்டார். "இருக்கும்போதே சொல்லமாட்டாள்!" அவர் நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார், சந்தைக்குப் போனார், பேத்தியைப் பள்ளியில் விட்டு வந்தார். முட்டிவலி தவிர அவருக்கு ஒரு நோயும் இல்லை.

பிற்பாடு இதை ஆராய்ச்சியாகவே படித்தேன். 2006இல் ஜார்ஜ் பொனானோ என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு அமெரிக்காவிலும் சீனாவிலும் துணையையோ பிள்ளையையோ இழந்தவர்களை நான்காம் மாதத்திலும் பதினெட்டாம் மாதத்திலும் பார்த்து ஒப்பிட்டது. இறந்தவரோடு உறவை மனதில் தொடர்ந்தவர்கள் சீனாவில் பதினெட்டாம் மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். அமெரிக்காவில் நேர்மாறு. முன்னோருக்குப் படைத்து, காகிதப் பணம் எரித்து, அவர்களிடம் குடும்பச் செய்தி சொல்லி வளர்ந்த ஊரில் இறந்தவரோடு பேசுவது நல்ல பழக்கம், அவ்வளவுதான். படம், படையல், கல்லறைப் பயணம் எதுவுமே என்னைப் பயமுறுத்துவதில்லை.

என்னைப் பயமுறுத்துவது உங்கள் கடிதத்தின் வேறு இரண்டு வரிகள். ஒன்று, செங் பெங்குக்கு அவர் வரவில்லை. இறந்தவரைப் போய்ப் பார்ப்பதற்கென்றே மரபு ஒதுக்கிய நாளில், வீட்டில் கிண்ணம் வைப்பவர் கல்லறைக்கு வர மறுக்கிறார். இரண்டாவது, சாப்ஸ்டிக். பக்கத்தில் வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சோற்றில் சாப்ஸ்டிக்கை நிமிர்த்திக் குத்தி வைத்தால் அது இறந்தவருக்கான படையல். அதனால்தான் சாப்பாட்டு மேசையில் குழந்தைகள் தெரியாமல் அப்படிக் குத்தினால் சீனப் பாட்டிகள் கையில் தட்டுவார்கள். பக்கத்தில் படுக்க வைத்தால் அது சாப்பிட வரப்போகிறவருக்கான இடம். உங்கள் மாமியார் மகனுக்குப் படைக்கிறாரா, மகன் வேலை முடிந்து வருவான் என்று காத்திருக்கிறாரா? முதலாவது என்றால் அது வழக்கம். இரண்டாவது என்றால், பதினான்கு மாதம் கழித்தும் அந்தச் சாவு அவருக்கு இன்னும் நடக்கவில்லை. சவத்தையும் பார்க்கவில்லை, சாம்பலையும் பார்க்கவில்லை, அப்புறம் எப்படி நடக்கும்? ஒரு ஜோடி சாப்ஸ்டிக்கை வைத்து நோயை முடிவுகட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரைக் கேட்காமல் யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்க வேண்டும், அதுவும் சீக்கிரம்.

எப்படிக் கேட்பது? நீங்களே கேளுங்கள். மருமகள், அதிலும் வேறு இனத்துப் பெண், சில நேரம் அது வசதி. தெரியாத மாதிரி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல், "மா, அவருக்கு என்ன பிடிக்கும்?" என்று கொழுந்தனாரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயரைச் சொல்வது முக்கியம். பதினான்கு மாதமாக அந்த வீட்டில் ஒலிக்காத பெயர் அது. அவர் எழுந்து போய்விட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம். உட்கார்ந்து பேசினால் நடுவில் தேற்றாதீர்கள். துக்கத்தைக் கட்டுப்படுத்திக்கொள், மாற்றத்தை ஏற்றுக்கொள் என்ற பொருளில் சீனர்கள் 'ஜியே ஆய் ஷுன் பியன்' என்று சொல்வார்கள். சாவு வீட்டில் சொல்லும் மரியாதை வார்த்தை அது, அந்த வாசலோடு அதற்கு வேலை முடிந்தது.

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும், கசப்பானது. சீனத்தில் 'சியாங் பூ காய்' என்று ஒரு வழக்கு உண்டு. மனது ஒன்றிலேயே மாட்டிக்கொண்டு திறக்கவில்லை என்பது அதன் நேர்ப்பொருள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றி இடக்கரடக்கலாகச் சொல்வதும் இதே வழக்கைத்தான். அவனிடம் போய்விட வேண்டும் என்று தோன்றுகிறதா என்று உங்கள் கணவர் அவரிடம் நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவர் ஆமாம் என்றாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, தூக்க மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது தெரிந்தாலோ, மாத்திரைகளை உங்கள் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மனம் உடைந்தவர்களிடம் தொலைபேசியில் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929 என்ற எண்ணில் இருக்கிறது. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. இவை அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

தூக்க மாத்திரை பற்றி. எந்த வகை என்று தெரியாமல் நான் பெயர் சொல்லிப் பேச முடியாது. பொதுவாகத் தரப்படும் வகை என்றால், இந்த வயதில் மாதக்கணக்கில் போட்டால் விழுந்து இடுப்பெலும்பு உடைய வழி. நினைவும் மங்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

துக்கத்துக்கென்றே வகுத்த சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் கேத்தரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் உருவாக்கியது, பதினாறு சந்திப்புகள். இழப்பைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல வைப்பதும், ஒதுக்கிய இடங்களுக்கு மெல்ல மெல்லப் போக வைப்பதும், இனி வரும் நாட்களில் சின்னதாக ஏதாவது ஒன்றுக்கு ஆசைப்பட வைப்பதும் அதில் கலந்து வரும். உங்கள் மாமியார் வயதுக்காரர்களிடமே இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். இதைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேர் தேறினார்கள், வேறு வகைப் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 32 பேர். மனச்சோர்வு மாத்திரையை இதோடு சேர்த்தால் துக்கம் கூடுதலாகக் குறைகிறதா என்று 2016இல் பார்த்தார்கள். துக்கம் குறையவில்லை, கூடவே இருந்த மனச்சோர்வு குறைந்தது. எனவே மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளும் இடத்துக்குப் போக வேண்டாம். அருகிலுள்ள அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ஹொக்கியன் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். மகனைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுவது கொடுமை. "மனநோய்" என்ற சொல்லோடு ஆரம்பித்தால் அவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். "நெஞ்சடைப்புக்கும் தூக்கத்துக்கும்" என்று சொல்லியே அழைத்துப் போங்கள். அது பொய்யுமல்ல.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதிலும் கொஞ்சம் கோபம் தெரிகிறது. அவரும் தம்பியை இழந்தவர். பிள்ளையை இழந்தவர்கள், துணையை இழந்தவர்கள் என்று ஆய்வுகள் கணக்கெடுக்கும்போது கூடப்பிறந்தவர்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். 'மூன்று வருடம், பயப்படாதே' என்று அவர் உங்களிடம் சொல்வதில் பாதி அவர் தனக்கே சொல்லிக்கொள்வது. அடுத்த செங் பெங்குக்கு அம்மாவை அழைத்துப் போகும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். எல்லோரும் கூடும் நாளில் அல்லாமல், முன்னதாக ஒரு வாரநாளில், கூட்டம் இல்லாதபோது, அம்மாவும் மகனும் மட்டும். பெரியவர்கள் தடை சொன்னால், வணங்க வேண்டாம், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லலாம். தாய் மகனை வணங்கக் கூடாது என்றுதான் வழக்கம். பார்க்கக் கூடாது என்பதைப் பெரியவர்களிடம் கொஞ்சம் பேசித் தளர்த்தலாம். நான் பார்த்த குடும்பங்களில் அவர்களும் பெரும்பாலும் இறங்கி வந்திருக்கிறார்கள்.

கடைசியாக அந்தக் கிண்ணம். எடுக்காதீர்கள். கணவரோ பிள்ளைகளோ எடுக்கவும் விடாதீர்கள். கொழுந்தனாரின் அறையையும் யாரும் ஒழுங்குபடுத்த வேண்டாம். ஒருநாள் அவர் கிண்ணத்தை வைக்கும்போது, "நான் சோறு போடட்டுமா, மா?" என்று கேளுங்கள். போடு என்றால் போடுங்கள். சாப்ஸ்டிக்கை மட்டும் தொடாதீர்கள். அதை எப்படி வைப்பது என்பதை அவரே ஒருநாள் முடிவு செய்யட்டும்.